ஆற்றுத் தடுப்பணை: வடிவமைப்பு, பராமரிப்பு, ஆபத்து – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரை ஒட்டிய ஆற்றில் தடுப்பணை வேண்டி மனு கொடுப்பவர்கள், கட்டி முடித்த அணையைப் பார்த்துச் சந்தேகப்படுபவர்கள், ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் ஆகியோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. மணற்பாங்கான தமிழக ஆறுகளை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. மலையடிவார ஓடைகளில் கல்லடுக்கிக் கட்டும் சிறு தடுப்புகள் இதில் சேரா.

தடுப்பணை, அணைக்கட்டு, கதவணை, படுகை அணை: எல்லாம் ஒன்றுதானா?

எல்லாமே ஆற்றின் குறுக்கே நிற்பவைதான், வேலைதான் வேறு. தடுப்பணை ஆற்றுக்குள்ளேயே நீரைத் தேக்கி நிலத்தடியில் இறங்கவிடுகிறது. அணைக்கட்டு நீர்மட்டத்தை உயர்த்தி, பக்கத்தில் பிரியும் வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்புகிறது. கதவணையில் சுவருக்குப் பதிலாக வரிசையாக ஷட்டர்கள் இருக்கும். வெள்ளம் வந்தால் தூக்கிவிடலாம். படுகை அணை ஆற்றுப் படுகையின் மட்டத்தோடு நின்றுவிடும்; மணல் இறங்கிப் போகாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. செய்தித்தாள்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் தடுப்பணை என்றே எழுதிவிடுகின்றன. அதனால் பாதகம் ஒன்றுமில்லை. கீழே வரும் பதில்களில் பெரும்பகுதி நான்குக்கும் பொருந்தும்.

இரண்டு மூன்று மீட்டர் உயரச் சுவர்தானே, உடைந்தால் என்ன ஆகிவிடும்?

தேங்கிய நீர் பாய்ந்து ஊர் அழியும் என்ற அச்சம் இதில் குறைவுதான். ஆபத்து வேறு வழியில் வருகிறது. தென்பெண்ணை ஆற்றில், விழுப்புரம் மாவட்டம் தளவானூருக்கும் கடலூர் மாவட்டம் எனதிரிமங்கலத்துக்கும் இடையே 25.37 கோடி ரூபாய் செலவில் கட்டிய தடுப்பணையைப் பாருங்கள். 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் திறந்தார்கள். 2021 ஜனவரியிலேயே எனதிரிமங்கலம் பக்கக் கரையோரச் சுவர் இடிந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் சேதம் மேலும் பெருகிக் கரை அரிபட ஆரம்பித்ததும், அணையின் ஒரு பகுதியை அரசே வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. சுவர் இடிந்ததைவிடக் கரை கரைந்ததுதான் பெரிய கவலை. கரைக்கு அப்பால் பட்டா நிலம் இருக்கிறது, மோட்டார் கொட்டகை இருக்கிறது, சில இடங்களில் வீடும் இருக்கிறது. ஆறு ஒருமுறை புது வழி கண்டுவிட்டால், பழைய வழிக்குத் திருப்புவது அணை கட்டுவதைவிடச் செலவுள்ள வேலை.

பொதுவாக அணை எந்த இடத்தில் உடைகிறது?

நடுச்சுவரில் உடைவது அபூர்வம். மூன்று இடங்களைச் சொல்லலாம்: சுவர் கரையோடு சேரும் முனை, சுவரின் அடி, வழிந்த நீர் வந்து விழும் கீழ்ப்புறம். இந்த மூன்றும் ஒப்பந்தப் படத்தில் சிறிய கோடுகளாகத் தெரியும். திறப்பு விழாப் புகைப்படத்தில் தெரியவே தெரியாது. மதிப்பீட்டில் பணம் போதாதபோது முதலில் வெட்டு விழுவதும் இவற்றில்தான். வழிந்த நீர் விழும் கான்கிரீட் தளமான ஏப்ரனின் நீளத்தில் ஐந்து மீட்டர் குறையும், கரைக்குள் செல்ல வேண்டிய சுவர் கரையைத் தொட்டதும் நின்றுவிடும், அடியில் நீர் கசிவதைத் தடுக்க மண்ணுக்குள் இறக்கும் வெட்டுச்சுவரின் ஆழம் சுருங்கும். தடுப்பணைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த மூன்றைப் பேசினால் போதும் என்பது என் எண்ணம்.

சிமெண்டில் கலப்படம் செய்ததால்தான் உடைகிறது என்கிறார்களே?

இருக்கலாம், அதைச் சோதிக்கக் கான்கிரீட்டில் துளைபோட்டு மாதிரி எடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் முதல் தரமான கான்கிரீட் சுவரும் அடிமண் போனால் கவிழும். உடைந்த அணையில் பெரும் பாளங்கள் உடையாமல், முழுசாகச் சாய்ந்து கிடந்தால், குற்றம் கலவையில் இல்லை, அடித்தளத்தில் என்று பொருள். கையால் உதிர்த்தால் உதிர்கிற கான்கிரீட் என்றால் அது வேறு கதை.

எவ்வளவு வெள்ளத்துக்கு வடிவமைக்கிறார்கள்?

பொதுவாக 50 அல்லது 100 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்துக்கு. நீர்த்தேக்க அணைகளின் வழிந்தோடிக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 11223, 7.5 முதல் 12 மீட்டர் வரை நீர் உயரமும் 5 லட்சம் முதல் 1 கோடி கன மீட்டர் வரை கொள்ளளவும் கொண்டவற்றைச் சிறிய அணை என்று வகைப்படுத்தி, 100 ஆண்டு வெள்ளத்தை அளவாக வைக்கிறது. நம் தடுப்பணைகள் அதற்கும் சிறியவை.

100 ஆண்டு வெள்ளம் என்றால் இன்னும் நூறு ஆண்டு கழித்து வரும் என்று பலர் நினைக்கிறார்கள். எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே கணக்கு. அணையின் ஆயுள் 50 ஆண்டு என்றால், அதற்குள் ஒருமுறையாவது அந்த வெள்ளம் வர ஏறத்தாழ 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 50 ஆண்டு வெள்ளத்துக்கு வடிவமைத்தால் வாய்ப்பு 64 சதவீதம். அதாவது, வரும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

அணையின் நீளத்தைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தலாமா?

செலவுக்காகக் குறைக்கக் கூடாது. நூறு மீட்டர் நீளச் சுவரின் மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் வழிந்தால், தோராயமாக விநாடிக்கு 6,000 கன அடி போகும். இரண்டு மீட்டர் உயரத்துக்கு வழிந்தால் 17,000 கன அடி. ஆற்றின் அகலத்தைச் சுருக்கினால் அதே வெள்ளம் அதிக உயரத்தில், அதிக வேகத்தில் வழியும். மேல்புறத்தில் வெள்ளமட்டம் ஏறும். கரைச்சுவரின் தலைக்கு மேல் தண்ணீர் போய்விட்டால் சுவருக்குப் பின்னால் உள்ள மண் ஒரு சில மணி நேரம்கூடத் தாங்காது. கீழ்ப்புறத்திலும் ஒவ்வொரு மீட்டருக்கும் விழும் நீர் கூடி, பள்ளம் ஆழமாகும். நீளத்தில் மிச்சம் பிடித்ததைக் கீழ்ப்புறத்தில் இரட்டிப்பாகக் கொடுக்க நேரும்.

கரையோடு சேரும் முனையில் என்ன கவனிக்க வேண்டும்?

சுவர் கரைக்குள் ஆழமாகப் புகுந்திருக்க வேண்டும். அணையின் அடியில் கசிவதைப் போலவே, நீர் சுவரின் முனையைச் சுற்றிப் பக்கவாட்டிலும் கசியும். அந்தப் பாதை நீளமாக இருந்தால்தான் கசிவின் வேகம் குறையும். அணையின் இரு முனையிலும் கரையைத் தாங்கி நிற்கும் இறக்கைச் சுவருக்குப் பின்னால் கொட்டும் மண்ணை அரை அடி, முக்கால் அடிப் படைகளாகப் போட்டு, நனைத்து, இடித்து இறுக்க வேண்டும். மழைக்காலம் வருகிறது என்று அவசரப்பட்டு, டிப்பர் லாரியில் கொண்டுவந்த மண்ணை ஒரே மூச்சில் தள்ளி மட்டம்செய்தால், முதல் வெள்ளத்திலேயே அது அமுங்கும். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே கடப்பாரை இறங்கும் அளவுக்கு விரிசல் விடும். தண்ணீருக்கு அந்த விரிசல் போதும்.

ஆறு வளையும் இடத்தில், வளைவின் வெளிக்கரைதான் அடி வாங்கும். முடிந்தவரை நேரான இடத்தைத் தேர்வது முதல் பாதுகாப்பு. இடம் மாற்ற முடியாவிட்டால், வெளிக்கரையில் மேலும் கீழும் நீண்ட தூரத்துக்குக் கல் பதிக்க வேண்டும். அணைச் சுவரின் உச்சியை நடுவில் சற்றுத் தாழ்வாக வைத்தால், சிறு வெள்ளமாவது கரைகளை விட்டு விலகி நடு ஆற்றிலேயே வழியும்.

பாறை இல்லாத மணல் ஆற்றில் அணை நிற்குமா?

கல்லணை நிற்கிறதே. மணலில் கல்லைப் போட்டால் புதையும். மேலும் மேலும் போட, ஓர் ஆழத்தில் இறக்கம் நிற்கும். அதன் மேல் கட்டலாம் என்ற உத்தியைக் கல்லணையில் கண்டு வியந்து எழுதியவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன். அந்தப் பாடத்தோடு 1836இல் அவர் கொள்ளிடத்தின் தலைப்பில் முக்கொம்பு மேலணையைக் கட்டினார்.

மணலில் உள்ள சிக்கல், சுவரின் பாரம் அமிழ்வது அல்ல; அடியில் ஓடும் நீர். மேல்புறம் நீர் உயரமாகவும் கீழ்ப்புறம் தாழ்வாகவும் இருப்பதால், நீர் மணலுக்குள் இறங்கி, அணைக்கு அடியில் தவழ்ந்து, கீழ்ப்புறம் மேலெழுகிறது. எழும் வேகம் கூடினால் மணல் துகளையும் தூக்கிக்கொண்டு வரும். துகள் போன இடத்தில் ஓட்டை. ஓட்டை பின்னோக்கி வளர்ந்து மேல்புறத்தைத் தொட்டால் அணைக்குக் கீழே ஒரு குழாய் திறந்துவிடும். கங்கையின் குறுக்கே நரோராவில் கட்டிய அணைக்கட்டு 1898இல் உடைந்தது அடிநீரின் அழுத்தத்தால்தான்.

பிளை என்ற பொறியாளர் 1910இல் ஓர் எளிய விதியைக் கொடுத்தார்: நீர் தவழும் பாதையின் நீளம், நீரின் உயர வேறுபாட்டைப் போல இத்தனை மடங்கு இருக்க வேண்டும். பருமணலுக்கு 12 மடங்கு, நுண்மணலுக்கு 15 மடங்கு. இரண்டு மீட்டர் நீரைத் தேக்கும் அணை பருமணலில் இருந்தால் 24 மீட்டர் பாதை தேவை. தளத்தின் மேல்புற முனையிலும் கீழ்ப்புற முனையிலும் மூன்று மீட்டர் ஆழத்துக்கு வெட்டுச்சுவர் இறக்கினால், நீர் ஒவ்வொன்றிலும் இறங்கி ஏற வேண்டும். அதிலேயே 12 மீட்டர் கிடைத்துவிடும். மீதி 12 மீட்டர் தளத்தின் நீளம்.

இந்த விதி போதாது என்று 1936இல் காட்டியவர் பொறியாளர் ஏ.என். கோஸ்லா. மொத்த நீளம் சரியாக இருந்தாலும், நீர் வெளியேறும் கடைசி முனையில் வேகம் அதிகமானால் மணல் கிளம்பிவிடும் என்றார். நுண்மணலில் அந்த முனையின் நீர்ச்சரிவு, அதாவது ஒரு மீட்டர் பாதைக்கு நீரழுத்தம் குறையும் அளவு, ஆறில் ஒன்று முதல் ஏழில் ஒன்றுக்குள் இருக்க வேண்டும். ஆகவே, கீழ்ப்புற முனையில் வெட்டுச்சுவர் இல்லாத தளத்தை மணல் ஆற்றில் கட்டவே கூடாது. மேல்புறத்தில் ஆழமாக இறக்கிவிட்டோம் என்பது அதற்குப் பதிலாகாது.

தளத்தின் தடிமனும் இதே கணக்கில்தான் வருகிறது. அடியிலிருந்து எஞ்சிய அழுத்தம் ஒரு மீட்டர் நீர் உயரம் என்றால், கான்கிரீட் தளம் ஏறத்தாழ 70 செ.மீ. இருந்தால்தான் தன் எடையால் அதை அமுக்கும். அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்புக்காகக் கூட்டுவார்கள்.

கீழ்ப்புறத்தில் ஏன் அத்தனை நீளத்துக்குக் கல் கொட்டுகிறார்கள்?

இரண்டு மீட்டர் சுவரின் மேல் ஒரு மீட்டர் உயரத்தில் வழியும் நீர், அடியைத் தொடும்போது விநாடிக்கு ஏழரை மீட்டர் வேகத்தை எட்டக்கூடும். ஆற்று மணலைக் கிளப்ப விநாடிக்கு ஒரு மீட்டரே அதிகம். இந்த வேகத்தைத் தளத்தின் மேலேயே கொன்றுவிட வேண்டும். அதற்காகத்தான் தளத்தைச் சற்றுத் தாழ்த்தி, கான்கிரீட் கட்டைகளை வரிசையாக நிறுத்தி, முடிவில் ஒரு சிறு தடுப்பு வைக்கிறார்கள். நீர் அங்கே துள்ளி, நுரைத்து, சுழன்று அடங்கும்.

அப்படியும் மிச்சம் இருக்கும். கடற்கரையில் நிற்கும்போது திரும்பும் அலை காலடி மணலை உருவிச் செல்வதுபோல, தளம் முடியும் இடத்தில் நீர் மணலை உருவும். அங்கேதான் உதிரிக் கருங்கற்கள் தேவை. அவற்றைச் சிமெண்ட் போட்டு இணைத்துவிடக் கூடாது. அடியில் பள்ளம் விழும்போது கற்கள் தாமாகச் சரிந்து பள்ளத்தின் சரிவை மூட வேண்டும். அதற்காகத்தான் உதிரியாக விடுகிறார்கள். ‘கல் சரிந்துவிட்டது, வேலை மோசம்’ என்று அவசரமாகக் குறை சொல்ல வேண்டாம். சரிந்த இடத்தில் அடுத்த கோடைக்குள் புதுக் கல் நிரப்பினார்களா என்று கேளுங்கள்.

அணைக்கு அருகில் மணல் அள்ளினால் என்ன?

மேலே சொன்ன எல்லாக் கணக்கும் படுகை இன்ன மட்டத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்டவை. கீழ்ப்புறப் படுகை ஒரு மீட்டர் இறங்கினால், இரண்டு மீட்டர் அணை மூன்று மீட்டர் அணையாகிவிடுகிறது. நீர் விழும் உயரம் கூடும், அடியில் தவழும் நீரின் வேகம் கூடும், வெட்டுச்சுவரின் ஒரு பகுதி வெளியே தெரியும். கல்லைத் தொடாமல், சுவரைத் தொடாமல், அணையைப் பலவீனப்படுத்த இதைவிடச் சுலபமான வழி இல்லை.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 45 ஷட்டர்களில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டபோது, அணையின் வயதோடு மணல் குவாரிகளும் குற்றச்சாட்டுக்கு ஆளாயின. 182 ஆண்டு நின்ற கட்டுமானம் அது. வயதை மட்டும் பழி சொல்வது எனக்கு உவப்பாக இல்லை. அங்கே பிறகு 387.60 கோடி ரூபாயில் புதிய கதவணை கட்டினார்கள்.

ஷட்டர் வைத்தது நல்லதா, வெறும் சுவர் நல்லதா?

ஆள் இருந்தால் ஷட்டர், இல்லாவிட்டால் சுவர். ஷட்டரைத் தூக்கினால் வெள்ளமும் மணலும் தடையின்றிப் போகும். ஆனால் பல்சக்கரத்துக்குக் கிரீஸ் வேண்டும், ரப்பர் சீல் மாற்ற வேண்டும், நள்ளிரவு வெள்ளத்தில் மின்சாரம் போனாலும் கையால் சுற்றித் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஷட்டரை இயக்கும் லஸ்கர் பணியிடம் காலியாகக் கிடக்கும் ஊரில், துருப்பிடித்துத் தூக்க முடியாத ஷட்டரைவிட ஆபத்தானது இல்லை.

மேல்புறம் மணல் நிரம்பிவிட்டது. அணை வீணா?

முழுக்க வீணில்லை, மணலுக்குள்ளும் நீர் நிற்கும், அதுவும் ஆவியாகாமல். தூர்வாருவதானால் சுவரை ஒட்டித் தோண்டாமல், தள்ளி, நீர்வளத் துறை குறித்துக் கொடுத்த அளவுக்குள் தோண்ட வேண்டும். சேர்ந்த மணலை வெள்ளத்தோடு வெளியேற்றும் மணற்போக்கிக் கண்களை வெள்ளத்தின் தொடக்கத்திலேயே திறப்பது இன்னும் மலிவான வழி.

அணைப் பாதுகாப்புச் சட்டம் தடுப்பணைக்குப் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், அடித்தளத்திலிருந்து 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கானது. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை, 500 மீட்டர் நீளம், 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு, விநாடிக்கு 2,000 கன மீட்டர் வெள்ளம் போன்ற நிபந்தனைகளில் ஏதேனும் ஒன்றை எட்டினால் சேரும். சேர்ந்த அணைகளுக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் கட்டாய ஆய்வு உண்டு. உங்கள் ஊர்த் தடுப்பணைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீர்வளத் துறை உதவிப் பொறியாளர் வந்து பார்ப்பதைத்தான் நம்பியிருக்க வேண்டும். சட்டத்தைத் திருத்தக் காத்திராமல், அதே இரண்டு ஆய்வுகளைக் கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் போடலாம்.

ஆய்வில் எதைப் பார்க்க வேண்டும்?

செப்டம்பரில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை. வெள்ளம் வடிந்ததும் கீழ்ப்புறத் தளத்தின் முனையில் நின்று, அடிக்குறி போட்ட மூங்கில் கழியால் ஆழம் பாருங்கள். பத்தடிக்கு ஓர் அளவு எடுத்து நோட்டில் எழுதுங்கள். ஒரே இடத்தில் ஆண்டுக்கு ஆண்டு ஆழம் கூடினால் அதுதான் முதல் எச்சரிக்கை. இறக்கைச் சுவரின் பின்னால் மண் உள்வாங்கியிருக்கிறதா, தளத்தின் இணைப்புகளில் புல் முளைத்திருக்கிறதா, கரைமேல் வேலிக்காத்தான் வேரோடியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கசிவு.

கசிவு இருந்தால் உடனே ஆபத்தா?

நீரின் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த நீர் மெல்ல ஊறினால் அளந்து கண்காணித்தால் போதும். கலங்கிய நீர் வந்தால், அல்லது ஊற்றைச் சுற்றி மணல் வட்டமாகக் குவிந்து நடுவில் கொதித்துக்கொண்டிருந்தால், அன்றைக்கே துறைக்குச் சொல்லுங்கள். ஊற்றைச் சிமெண்டால் அடைக்க யாரையும் விடாதீர்கள். அழுத்தம் வேறிடத்தில் வெடிக்கும். முதலில் மணல், மேலே ஜல்லி, அதற்கும் மேலே கல் என்று வடிகட்டிபோல அடுக்கினால் நீர் வெளியேறும், அடிமணல் நிற்கும்.

அணையில் குளிக்கலாமா?

நீர் வழிந்துகொண்டிருக்கும்போது கீழ்ப்புறத்தில் இறங்கவே கூடாது. சுவரடியில் மேல்நீர் பின்னோக்கிச் சுழன்று, ஆளைச் சுவர் பக்கமே இழுத்து மீண்டும் அமுக்கும். நுரையில் காற்று கலந்திருப்பதால் உடல் மிதப்பதும் கடினம். நீச்சல் தெரிந்தவரும், காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்தே சாவது இதனால்தான்.

அமைதியான நீரும் நம்பத்தக்கதல்ல. 2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டம் ஏ. குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றின் தடுப்பணை அருகே குளித்த ஏழு பேர், சிறுமிகளும் இளம்பெண்களும், ஆழத்தில் சிக்கி இறந்தார்கள். முழங்கால் அளவு நீருக்கு அடுத்த அடியில் ஆளுயரப் பள்ளம் இருப்பது மேலிருந்து தெரியாது. எச்சரிக்கைப் பலகையோடு நிறுத்தாமல், ஆழக் குறிக்கம்பங்களும், கரையில் கயிறு கட்டிய மிதவையும் வைக்கச் சொல்லுங்கள். குளிக்க ஒரு பாதுகாப்பான படித்துறையைத் தனியே கட்டித்தருவது இன்னும் உருப்படியான யோசனை.

வெள்ளத்தில் கரை அரிக்கத் தொடங்கிவிட்டால்?

மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 எண்ணில் சொல்லுங்கள். அரிபடும் விளிம்பிலிருந்து ஆட்களையும் மாடுகளையும் அப்புறப்படுத்துங்கள். விளிம்பின் அடி குடைந்திருக்கும், மேலே நிற்பவர் பெயர்ந்து விழுவார். ஷட்டர்கள் இருந்தால் எல்லாவற்றையும் திறக்க வேண்டும். பிறகுதான் சவுக்குக் கட்டையும் மணல் மூட்டையும் பாறாங்கல்லும். தளவானூரில் வெடி வைத்ததன் நியாயமும் இதுவே: அணையைக் கொடுத்துக் கரையைக் காப்பது. அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் அரசுக்கு மட்டும்தான்.

இருக்கும் அணையின் உயரத்தை ஓரடி கூட்டித்தரச் சொல்லலாமா?

மனு கொடுப்பது சுலபம். கணக்கைப் பாருங்கள்: இரண்டு மீட்டர் அணையை ஓரடி உயர்த்தினால், நீர் தள்ளும் விசை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, சுவரைக் கவிழ்க்கும் விசை பாதிக்கு மேல் கூடுகிறது. அடியில் தவழும் பாதையோ பழைய நீளத்தில்தான் இருக்கிறது. தளத்தையும் வெட்டுச்சுவரையும் கரைச்சுவரையும் சேர்த்து மறுவடிவமைப்பு செய்யாமல் உச்சியில் மட்டும் கான்கிரீட் போட ஒப்புக்கொள்ளும் பொறியாளரை நம்ப வேண்டாம். மழை முடிந்தபின், தை மாதவாக்கில் மணல் மூட்டை அடுக்கி ஓரடி கூடுதலாகத் தேக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. வெள்ளம் வந்தால் மூட்டை போய்விடும் என்பதால் அதில் ஆபத்து குறைவு. ஆனால் கீழ்ப்புறத்தில் மணல் கொதிக்கும் ஊற்று இருக்கும் அணையில் அந்த மூட்டையும் கூடாது.